செவெல்லின் பின்னங்கால்கள்

செவர்லே நிறுவனத்தின் பழைய கார் ஒன்று, 1969 செவெல், என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்க சஸ்பென்ஷனை, அதாவது ஆக்சிலையும் சக்கரங்களையும் வண்டியின் உடம்போடு இணைக்கும் அமைப்பை, இதுவரை மூன்று முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தவறாகச் செய்தேன். மூன்றாவது முறை மாட்டியதுதான் இன்றும் வண்டிக்கு அடியில் இருக்கிறது. மசில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி இதே வேலையில் இறங்கப் போவதாக இரண்டு நண்பர்கள் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஆளுக்கொரு முறை போனில் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வீடு டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வுட்வர்ட் அவென்யூவிலிருந்து பத்து நிமிடத் தூரம். 1995-இல் தொடங்கி ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அந்தச் சாலை முழுக்கப் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. நம் ஊரில் தேர் வரும் வீதியில் இடம் பிடிப்பது போல, காலையிலேயே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படி உட்கார்ந்து பார்த்தவன். கார்த் தொழிலில்தான் வேலை என்றாலும் என் பிரிவு சீட் பெல்ட். சஸ்பென்ஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வண்டியின் அடியில் படுத்துக் கற்றது.

வாங்கியபோது அதில் 350 கன அங்குல வி8, மன்சி என்ற நான்கு கியர் பெட்டி, பின்னால் 3.31 விகித ஆக்சில். செவெல்லிலேயே திறன் கூடிய எஸ்எஸ் 396 வகை கிடையாது, சாதாரண மாலிபு வகை. முதல் வாரமே ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும் கொஞ்சம் அழுத்தமாக ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி முன்னால் பாயவில்லை. பின்பக்கம் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல டட்டட்டட்டட் என்று அதிர்ந்தது. கால் எடுத்ததும் நின்றது. இதற்கு வீல் ஹாப் என்று பெயர். பழைய மசில் கார்க்காரர்கள் எல்லாருக்கும் பழக்கமான நோய். ஆக்சில் தண்டும், அதற்குச் சுழற்சியைக் கொடுக்கும் பினியன் பல்சக்கரமும், அதற்கு முன்னால் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் என்ற மடங்கும் இணைப்பும் உடைவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

இந்த வண்டிகளின் பின்னால் இருப்பது ஒரே துண்டான திட ஆக்சில். நடுவில் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குண்டு, இரண்டு பக்கமும் குழாய், குழாய் முனைகளில் சக்கரம். டிரில் மெஷினில் பிட் சுவரில் சிக்கிக்கொண்டால் மெஷின் நம் கையை எதிர்ப்பக்கமாக முறுக்கும் அல்லவா? இங்கேயும் அதுவேதான் நடக்கிறது. சக்கரத்தை முன்னோக்கி உருட்டும்போது ஆக்சில் கூடு பின்னோக்கி உருளப் பார்க்கிறது. அதன் மூக்கு, அதாவது பினியன் இருக்கும் முனை, மேலே எழும்பப் பார்க்கிறது. எவ்வளவு விசை? எஞ்சின் முறுக்குவிசை 350 பவுண்டு-அடி என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் 2.52, ஆக்சில் 3.31. மூன்றையும் பெருக்கினால் 2,900 பவுண்டு-அடிக்குச் சற்று மேல். இத்தனை முறுக்கையும் ஆக்சிலை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளும் அவற்றின் முனைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்களும் தாங்க வேண்டும்.

தாங்கும் வரை தாங்கும். ரப்பர் நசுங்கி, இரும்பு வளைந்து, ஆக்சில் கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் டயர் பிடிப்பை இழந்து வழுக்கும். வழுக்கிய உடனே முறுக்கு குறைகிறது, சுற்றிக்கொண்ட ஆக்சில் விட்டெறிந்தது போலத் திரும்புகிறது, டயர் மறுபடி தரையைப் பிடிக்கிறது, மறுபடி சுற்றிக்கொள்கிறது. ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும்போது கேட்பதுதான் அந்தச் சம்மட்டி ஓசை.

செவெல் எப்படி ஆக்சிலைப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் கொண்டுவந்த நடுத்தர அளவு உடல்வாகு இது. ஏ-பாடி என்பார்கள். செவெல், பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் 442, பியூக் கிரான் ஸ்போர்ட் எல்லாம் இதே எலும்புக்கூட்டின் மேல் எழுந்தவை. குடும்பக் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை வைத்து விற்ற 1964 ஜிடிஓவைத்தான் மசில் கார் யுகத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். பின்பக்கம் சுருள் ஸ்பிரிங், நான்கு கைகள். கீழே இரண்டு நீளக் கைகள் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. மேலே இரண்டு குட்டைக் கைகள் சேஸிஸில் அகன்று தொடங்கி, டிஃபரன்ஷியல் குண்டின் தலையிலிருக்கும் இரண்டு காதுகளை நோக்கிச் சாய்ந்து வருகின்றன. அந்தச் சாய்வுதான் ஆக்சில் இடது வலமாக நகராமல் பிடிக்கிறது. தனியாகக் குறுக்குக் கம்பி தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் சிக்கனமான, அழகான வேலை.

கைகளோ தகட்டை மடித்துச் செய்தவை. வாய் திறந்த ப வடிவக் கால்வாய். புதிதாக வாங்கியவர் யார் பார்த்தாலும், இவ்வளவு மெல்லிய தகடா என்று முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். என் முதல் தவறு அங்கேதான் தொடங்கியது.

தகடு மெலிதாக இருக்கிறது, தடிமனாக்கு. ரப்பர் நசுங்குகிறது, கெட்டியான பாலியூரித்தேன் போடு. இவ்வளவுதான் என் கணக்கு. பெட்டி வடிவில் நான்கு பக்கமும் மூடி வெல்டிங் செய்த கீழ்க் கைகள், குழாயால் செய்த மேல் கைகள், எட்டு முனைகளிலும் பாலியூரித்தேன் புஷ், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பருமனான ஆன்டி-ரோல் பார் ஒன்று. இரண்டு சனி ஞாயிறில் மாட்டி முடித்தேன். சிக்னலில் மிதித்துப் பார்த்தேன். வீல் ஹாப் போயே போய்விட்டது. வண்டி நேராகக் கிளம்பியது. அந்த வாரம் எனக்குத் தூக்கம் கூட சரியாக வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்று போனேன். எழுபதைத் தாண்டியவர், கார்த் தொழிற்சாலை ஒன்றில் அச்சுக்கருவி செய்யும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கிய நாளிலிருந்து விற்காமல் வைத்திருக்கும் 1967 செவர்லே கமாரோ ஒன்று அவரிடம் இருக்கிறது. மழை விட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவுப் பாதை, மணிக்கு 40 மைல் வேகம். வளைவின் நடுவில் கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு. அதன்மேல் சக்கரம் ஏறிய நொடியில் வண்டியின் பின்பக்கம் முன்னறிவிப்பே இல்லாமல் வெளிப்பக்கமாகப் பெயர்ந்தது. ஸ்டியரிங்கை எதிராகத் திருப்பிச் சமாளித்தேன். மோதவில்லை. ஆனால் ஓரமாக நிறுத்தியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவரே வந்தார். பின் ஸ்பிரிங் இரண்டையும் கழற்று, ஷாக் அப்சார்பரையும் ஆன்டி-ரோல் பாரையும் கழற்று, அப்புறம் ஜாக்கியால் ஆக்சிலின் ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார் என்றார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அப்படியே செய்தோம். ஸ்பிரிங்கே இல்லாத ஆக்சில், ஒரு முனையைத் தூக்கினால் சுலபமாகச் சாய வேண்டும். சாயவில்லை. ஜாக்கி தூக்கத் தூக்க, நான்கு கைகளும் முறுக்கிக்கொண்டு வண்டியின் உடம்பையே ஸ்டாண்டிலிருந்து கிளப்பப் பார்த்தன.

அன்றைக்குத்தான் அந்த மெல்லிய தகட்டின் அர்த்தம் புரிந்தது. வளைவில் வண்டி சாயும்போது ஆக்சிலின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போகிறது. அப்போது ஒவ்வொரு கையும் தன் அச்சில் கொஞ்சம் முறுகியாக வேண்டும். வாய் திறந்த கால்வாய் நீளவாக்கில் இழுத்தாலும் அழுத்தினாலும் தாங்கும், ஆனால் முறுக்கினால் இணங்கிப்போகும். ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான். 1964-இல் அதை வரைந்தவர்கள் காசை மிச்சம் பிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மிச்சம் பிடித்த அதே தகட்டுக்கு ஒரு வேலையையும் கொடுத்திருந்தார்கள். நான் கையைப் பெட்டியாக்கி, முனையைக் கெட்டியாக்கி, இரண்டு இணக்கத்தையும் ஒரே நேரத்தில் பறித்துவிட்டேன். நாலு கைகளும் சேர்ந்து பிரம்மாண்டமான ஒரு ஆன்டி-ரோல் பாராக மாறிவிட்டன. நேர்ச்சாலையில் தெரியாது. வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையைத் தேடும்போது தெரியும்.

கயிற்றுக் கட்டிலை மேடும் பள்ளமுமான களத்தில் போட்டாலும் நாலு காலும் மண்ணில் பதியும். வெல்டிங் அடித்த இரும்பு மேசை அதே இடத்தில் மூன்று காலில் நின்று ஆடும். மேசைதான் உறுதி. ஆனால் மண்ணைப் பிடிப்பது கட்டில். வண்டியின் பின்பக்கத்தை மேம்படுத்துகிறேன் என்று இறங்கும் எல்லாரும், நான் உட்பட, இறுக்கத்தையும் பிடிப்பையும் ஒன்று என்று நினைத்துத்தான் தொடங்குகிறோம்.

இதற்கு நான் அறிந்த மிக நல்ல சாட்சி அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயம். 1960-களின் செவர்லே பிக்கப் லாரியில் இருந்த நீளமான இரண்டு பின் கைகளை எடுத்து, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க பான்ஹார்ட் என்ற குறுக்குக் கம்பியை வைத்து, அந்த அமைப்பையே பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். அதன் முதன்மையான கப் தொடரில் 2022-இல் புதிய தலைமுறைக் கார் வந்த பிறகுதான் பின்பக்கத்தில் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது. அந்த லாரிக் கைகள் இரண்டு கால்வாய்களை முதுகோடு முதுகு ஒட்டிய ஐ வடிவம். மேலும் கீழும் வளையாது, ஆனால் முறுகும். அதையும் பெட்டியாக மூடினால் என் செவெல் போலவே பிடிவாதம் பிடிக்கும். உலகத்திலேயே காசுக்குக் குறைவில்லாத பட்டறைகள் அந்த முறுகும் கையைத் தெரிந்தேதான் வைத்திருந்தன.

சரி, பக்கத்து வீட்டுக்காரரின் கமாரோவுக்கு வருகிறேன். அந்த வண்டியின் பின்பக்கம் வேறு குலம். சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, கைகளும் இல்லை. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை. நம் ஊர் லாரிகளிலும் அம்பாசடரின் பின்பக்கத்திலும் பார்த்திருப்போமே, அதே சங்கதி. எடையைத் தாங்குவது, ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிப்பது, இடது வலம் நகராமல் பிடிப்பது, சுற்றாமல் பிடிப்பது எல்லாம் அந்தப் பட்டையின் பொறுப்பு. 1967 கமாரோவில் அதிலும் ஒரு விசேஷம். பட்டைகளின் அடுக்கு கூடக் கிடையாது, பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. செவி டூ என்ற சிறிய காரிலிருந்து வந்த ஒற்றைப் பட்டை. சிறிய எஞ்சினுக்கு அது போதும், சொகுசாகவும் இருக்கும். இவருடையது எஸ்எஸ் 350. செவர்லேயின் 350 கன அங்குல எஞ்சின் முதன்முதலில் வந்ததே அந்த வருட கமாரோவில்தான். 295 குதிரைத்திறன். மிதித்தால் ஒற்றைப் பட்டை எஸ் எழுத்தாக வளையும்.

செவர்லேக்கும் இது தெரிந்தே இருந்தது. திறன் கூடிய 1967 வண்டிகளில் வலது பக்கம் மட்டும் ஒரு பிடிகம்பியை வைத்தார்கள். அடுத்த வருடமே திறன் கூடிய வண்டிகளுக்குப் பல பட்டை அடுக்கு வந்தது. ஷாக் அப்சார்பர் இரண்டில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலுமாக மாற்றி வைத்தார்கள். ஆக்சில் சுற்ற முயன்றால் முன்னால் இருப்பது ஒரு பக்கமும் பின்னால் இருப்பது மறுபக்கமும் இழுத்துத் தணிக்கும். ஒரு கூடுதல் பாகம் கூட இல்லாமல், இடம் மாற்றியே சாதித்த வேலை. ஃபோர்டும் 428 கோப்ரா ஜெட் எஞ்சினோடு நான்கு கியர் வைத்த மஸ்டாங்குகளில் இதே உத்தியைக் கையாண்டது. எனக்கு இந்த மாதிரித் தீர்வுகள் மேல் தனி மரியாதை.

வலது பக்கம் மட்டும் ஏன் பிடிகம்பி என்று கேட்கலாம். எஞ்சினிலிருந்து வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலை நீளவாக்கிலும் முறுக்குகிறது. அதனால் இடது பின்சக்கரம் தரையில் அழுந்தும், வலது பின்சக்கரம் லேசாகும். ஒற்றைக் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு கிளம்பும் பழைய வண்டிகளைக் கவனித்தால் பெரும்பாலும் அது வலது டயரின் கோடுதான். நேர்க்கோட்டில் ஓடும் இழுவைப் பந்தயக்காரர்கள் சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் வலது ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பையைச் செருகி ஊதுவதும் இதற்காகவே.

பட்டை ஸ்பிரிங்கை ஏளனமாகப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கிரைஸ்லர் ஆட்கள் அதை வைத்தே இழுவைப் பந்தயங்களைக் கலக்கினார்கள். ஆக்சிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்பக்கம் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அது கை போல வேலை செய்யும், பின்பாதி மட்டும் ஸ்பிரிங்காக மிருதுவாக ஆடும். பினியன் மூக்கு எழும்பினால் முட்டிக்கொள்ள மேலே ஒரு ரப்பர் முளை. அவ்வளவே. ரோஜர் பென்ஸ்கே அணிக்காக மார்க் டோனஹ்யூ 1968-இல் டிரான்ஸ்-ஆம் தொடரின் 13 பந்தயங்களில் 10-ஐ வென்ற கமாரோ இசட்/28-உம் பட்டை ஸ்பிரிங் வண்டிதான். அவை வளைவுகள் நிறைந்த தடங்கள், நேர்க்கோட்டு ஓட்டம் கிடையாது.

கமாரோவில் நாங்கள் முதலில் தொட்டது ஸ்பிரிங்கை அல்ல, உடம்பை. அந்த வண்டிக்கு முழு சேஸிஸ் கிடையாது. முன்பாதிக்கு மட்டும் போல்ட் போட்ட ஒரு சட்டம், பின்பாதி தகட்டு உடம்பு. இரண்டையும் இணைக்கும் நீளச் சட்டங்களை இரண்டு பக்கமும் வைத்து இறுக்கினோம். உடம்பே முறுகிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் எதைப் பிடித்துக்கொண்டு தள்ளும்? கைகள் முறுக வேண்டும் என்றேன், உடம்பு முறுகக் கூடாது என்கிறேன். இரண்டும் முரண் மாதிரித் தோன்றலாம். எந்த இடம் அசைய வேண்டும், எது அசையக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அப்புறம் ஒற்றைப் பட்டையை எடுத்துவிட்டு அடுக்குப் பட்டை, அதற்கேற்ற புதிய ஷாக் தகடுகள். அவர் 1970-களில் மாட்டியிருந்த பழைய இழுவைக் கம்பிகள் இன்னும் இருந்தன. ஆக்சிலிலிருந்து முன்னோக்கி நீண்டு, முனையில் ஒரு ரப்பர் குண்டோடு, ஆக்சில் சுற்றும்போது பட்டையின் முன்கண்ணில் போய் முட்டும் வகை. முட்டும் வரை சும்மா இருக்கும், முட்டியதும் படாரென்று. வளைவில் அந்தப் படார் ஆபத்து. அதைக் கழற்றிவிட்டு, முன்கண்ணின் போல்ட்டிலேயே சுழலும் முக்கோணத் தகட்டோடு வரும் கால்ட்ராக்ஸ் வகைக் கம்பியைப் போட்டோம். ஆக்சில் சுற்றப் பார்த்தால் கம்பி முக்கோணத்தைத் தள்ளும், முக்கோணம் பட்டையின் முன்பாதியைக் கீழே அழுத்தும். சுற்ற முயலும் விசையே டயரைத் தரையில் அழுத்தும் விசையாகத் திரும்புகிறது. முதல் முறை அதை இயக்கிப் பார்த்தபோது நானும் அவரும் அடியில் படுத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என் இரண்டாவது தவறைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலியூரித்தேனை எல்லாம் பிடுங்கிய கையோடு, வண்டி தாழ்வாக இருந்தால் நன்றாக ஓடும் என்று இரண்டு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கினேன். நின்ற கோலத்தில் பார்க்க அழகு. ஆனால் தாழ்த்தியதும் மேல் கைகளும் கீழ்க் கைகளும் நின்ற கோணம் மாறிவிட்டது. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கைகளை முன்னோக்கி நீட்டிய கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். கிளம்பும்போது பின்பக்கம் உட்காருமா, எழும்புமா, டயரை எவ்வளவு அழுத்தும் என்பதெல்லாம் அந்தக் கற்பனைப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை நான் கவனிக்காமல் நகர்த்திவிட்டேன். பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது, வீல் ஹாப் திரும்பி வந்தது. பள்ளத்தில் ஆக்சில் தடுப்பு ரப்பரில் போய் இடித்தது. 60 மைல் வேகத்தில் தரை வழியாக ஒரு நடுக்கம் வேறு.

நடுக்கத்துக்குக் காரணம் பினியன் கோணம். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு முனைக் கோணங்களும் ஒத்துப்போக வேண்டும். நீளம் மாற்றக்கூடிய மேல் கைகளைப் போட்டிருந்தேன். கோணமானி வைத்து அளக்காமல், பழைய கையின் நீளத்துக்கே வைத்து மாட்டியிருந்தேன். பழைய நீளம் பழைய உயரத்துக்குத்தான் சரி. மிதிக்கும்போது மூக்கு எழும்பும் என்பதால், நிற்கும்போது அது இரண்டு டிகிரி போலக் கீழே பார்த்திருப்பது என் வண்டிக்கு ஒத்துவந்தது. பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும், அவை அதிகம் சுற்றும்.

மூன்றாவது முறை அவசரப்படவில்லை. குளிர்காலம் முழுவதும் வண்டி ஸ்டாண்டில்தான். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணும்போதெல்லாம், "ஏம்ப்பா, அந்த வண்டி இன்னும் காலைத் தூக்கிக்கிட்டேதான் நிக்குதா?" என்பார். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வாழ்க்கையைக் கழித்தவர். ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கமாரோவில் அப்படியே பின்பற்றினேன். அந்தப் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்று கையால் தடவிப் பார்க்காமல் யூ போல்ட்டை இறுக்காதே என்றார். பார்த்தேன், ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கவில்லை.

செவெல்லில் இப்போது இருப்பது இதுதான். கீழ்க் கைகள் பெட்டி வடிவம்தான், ஆனால் ஆக்சில் பக்க முனையில் எல்லாத் திசையிலும் சுழலும் கோள ஜாயின்ட். கை முறுக வேண்டாம், முனை சுழன்றுகொள்ளும். டிஃபரன்ஷியல் காதுகளில் மறுபடி ரப்பர் புஷ், புதிது. அந்த ஒரு இடத்தில் ரப்பரை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஓசையும் வராது, இணங்கியும் போகும். சேஸிஸில் மேல் கையும் கீழ்க் கையும் தொடங்கும் இரண்டு இடங்களையும் இணைத்துப் பக்கத்துக்கு ஒரு தாங்கு சட்டம். ஜெனரல் மோட்டார்ஸே திறன் கூடிய சில வண்டிகளில் இதை வைத்திருந்தது. என்னுடையதில் இல்லை. ஸ்பிரிங் ஒரு அங்குலம் மட்டும் தாழ்வு. ஆன்டி-ரோல் பார் சிறியது. 442-இல் ஓல்ட்ஸ்மொபைல் 1964-லிருந்தே பின்பக்க பார் கொடுத்தது, என் மாலிபுவுக்குக் கிடையாது. இதில் ஒரு எச்சரிக்கை. இந்த பார் கீழ்க் கைகளின் மேலேயே போல்ட் போடப்படுகிறது. வாய் திறந்த தகட்டுக் கையில் அதை அப்படியே இறுக்கினால் கை நசுங்கிவிடும். கையைப் பெட்டியாக்கவோ, உள்ளே குழாய்த் துண்டு வைக்கவோ வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனது ஆறாது. ரப்பர் புஷ் போட்ட போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கம் இறுக்காதீர்கள். ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிக் கிடக்கும். சில மாதத்தில் கிழியும். சக்கரத்தில் முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். என் முதல் வருடப் புஷ்கள் கிழிந்து கிடந்ததற்கு, முன்பு வைத்திருந்தவர் இதைச் செய்யாததே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஷாக் அப்சார்பரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். காற்று ஊதிப் பின்பக்கத்தை உயர்த்தும் ஷாக் மட்டும் வேண்டவே வேண்டாம். 1970-களில் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கி நிறுத்துவது ஒரு மோகம். ஸ்பிரிங் பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்குவார்கள், காற்று ஷாக் போடுவார்கள். தணிப்பதற்காக வைத்த இடத்தின் மேல் வண்டியின் எடையை ஏற்றினால் அந்த இடத்துத் தகடு விரிசல் விடும். அது போக, பின்பக்கம் உயர்ந்ததும் பட்டையோ கையோ முன்முனை மேலேறிச் சாய்ந்து நிற்கும். அப்போது வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னே தள்ளப்பட்டு, உள்பக்கச் சக்கரம் முன்னே வந்து, ஆக்சிலே வெளிப்பக்கமாக வண்டியை ஓட்டிவிடும். பழைய மசில் கார் என்றாலே வளைவில் பின்பக்கம் பிய்த்துக்கொள்ளும் என்று பெயர் வந்ததில், தொழிற்சாலை செய்ததை விடப் பின்னால் வந்தவர்கள் செய்ததற்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

டயரையும் மறக்கக் கூடாது. இந்த வண்டிகள் வந்தபோது இருந்த குறுக்கிழை டயர்களுக்குப் பிடிப்பு மிகக் குறைவு. டயர் முதலில் வழுக்கிவிடும், கைகளுக்கும் புஷ்களுக்கும் முழுச் சுமை போகவே போகாது. இன்று 275 மில்லிமீட்டர் ரேடியல் டயர் போட்டுவிட்டு, பழைய தகடு தாங்கவில்லையே என்கிறோம். டயரை மாற்றிய அன்றே சஸ்பென்ஷனின் வேலையையும் மாற்றிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

பழையதை எடுத்துவிட்டு மாட்ட, மூன்று கை அமைப்பு, டார்க் ஆர்ம், வாட்ஸ் இணைப்பு என்று வேறு அமைப்புகளும் முழுத் தொகுப்பாகவே கிடைக்கின்றன. நன்றாகச் செய்தவை நன்றாகவே வேலை செய்யும். பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும்படி மாற்றித் தரும் தொகுப்புகளும் உண்டு. செவர்லேயின் கார்வெட்டுக்கு 1963-லேயே அது வந்துவிட்டது. மஸ்டாங் வரிசை முழுவதற்கும் அது வர 2015 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணமும் இடமும் இருப்பவர்கள் செய்யட்டும். நான் செய்ய மாட்டேன். இந்த வண்டி என்ன நினைத்து வரையப்பட்டதோ அதை அதன் வழியிலேயே நேராக்கிப் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை. அதற்கு ஆன செலவு, முதல் இரண்டு முறை வீணடித்ததில் பாதி கூட இல்லை.

ஏப்ரல் கடைசியில் வண்டியைக் கீழே இறக்கினேன். ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன் மறுபடி அந்த ஜாக்கிச் சோதனை. ஒரு முனையைத் தூக்கினேன், ஆக்சில் சத்தமில்லாமல் சாய்ந்தது. மறுமுனை தன்பாட்டில் கிடந்தது.

அடுத்த வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. அதே வளைவு, அதே 40 மைல், நடுவில் அதே கான்கிரீட் மேடு. சக்கரம் ஏறியது. அடியில் டப் என்று ஒரு சின்னச் சத்தம். வண்டி கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இந்த வருடம் தக்காளி நாற்றுக்களை மே பாதிக்கு முன்னால் வெளியே நடக் கூடாது, போன வருடம் பனியில் எல்லாம் கருகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.